விளம்பரத்துக்குப் போட்ட தோடு

கொச்கோர்,
முதல் பனி விழுந்த வாரம்.

அன்பு மகன் குத்மானுக்கு அப்பா எழுதுவது. ஆடுமாடு சுகம், ஆட்களும் சுகம், நம் பக்கத்தில் ஆட்டை விசாரித்த பிறகுதான் ஆளை விசாரிப்பார்கள் என்பதால் அந்த வரிசையிலேயே சொல்லிவிட்டேன். நீயும் கைகால் நலத்தோடு இருக்கிறாய் என்று உன்னோடு வேலை பார்த்த பகாஸ் வந்து சொன்னான், அதை நம்பிக்கொண்டு இருக்கிறோம், வேறு வழி என்ன இருக்கிறது. உன் எண்ணுக்கு அடித்தால் ஒரு ருஷ்யப் பெண்ணின் குரல் அப்படி ஒரு எண்ணே இல்லை என்கிறது, உன் அம்மா அவளிடமே உன்னைப் பற்றி விசாரித்துப் பார்த்துவிட்டாள், அவள் மசியவில்லை. சுர்குத் நகரத்தை விட்டு இன்னும் வடக்கே, ஃபோன் எட்டாத வேலைக்கு நீயாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாய் என்றும், ஆறு நன்றாக உறைந்து அதன் மேல் பாதை போட்ட பிறகுதான் அங்கே லாரி போகும் என்றும் பகாஸ் சொன்னான். அவன் தன் அப்பாவின் வருஷ நினைவு விருந்துக்கு வந்தவன், இந்த வாரம் திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பழுப்பு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, மாத்திரை போடச் சொன்னால் என்னை முறைக்கிறாள். என் முழங்கால் பழைய பேருந்தின் கியர் மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டுதான் மடங்குகிறது, ஆனாலும் மடங்குகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள் என்று உன் தங்கை அய்பேரி என் தோளுக்குப் பின்னால் நின்று சொல்கிறாள், அதனால் எழுதுகிறேன். நீ பார்த்த அந்த வீடியோ நிஜமில்லை. உனக்கென்று பேசியிருந்த ஜிபெக்கின் காதில் எதிர்வீட்டுக்காரி கென்ஜெகான் தோடு போடுகிற மாதிரி நீ பார்த்தது நம் கடைக்காக நாங்கள் எடுத்த விளம்பரம். எடுத்தது நம் வீட்டுக் கூடத்தில், உன் தங்கையின் ஃபோனில், வெளிச்சத்துக்குப் பலகாரத் தட்டில் பளபளப்புத் தாள் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றது நான். தட்டைப் பிடித்த கையாலேயே இந்தக் கடிதத்தையும் எழுதுகிறேன், ஆகவே எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை, முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நீ கிளம்பும்போது உன் அம்மாவின் கடை ஓர் அட்டைப் பெட்டிக்குள் அடங்கியிருந்தது. பிஷ்கெக்கில் ஒரு பட்டறையிலிருந்து வெள்ளித் தோடும் வளையலும் வாங்கிவந்து ஜன்னலோரம் கம்பளித் துணியில் வைத்துப் படம் எடுப்பாள், அய்பேரி அதை ஃபோனில் கடைப் பக்கத்தில் போடுவாள், யாராவது கேட்டால் நான் பொட்டலம் கட்டி வேன் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் டிரைவரிடம் கொடுப்பேன். படம் போட்டால் இதயம் இதயமாக வந்து விழும். இதயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஆட்டுக்குத் தீவனமாகக் கூடப் போடமுடியாது. விலை என்ன என்று கேட்பார்கள், சொன்னால் ஆளைக் காணோம். அப்புறம்தான் காசு கட்டி விளம்பரம் ஓட்டலாம் என்று அய்பேரி ஆரம்பித்தாள். எனக்கு விளம்பரம் என்றால் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் கத்துவது, கேட்கிறவன் கேட்பான், காது கேளாதவன் போவான். இது அப்படி இல்லையாம். எந்த ஊர்க்காரர் கண்ணில் படவேண்டும், எந்த வயசு, ஆணா பெண்ணா என்று நாமே சொல்லலாமாம், சொன்னால் அவர்களைத் தேடிப்போய்க் காட்டுமாம். முதலில் நம் ஊர்ப் பெண்களுக்குக் காட்டினாள், பிறகு பிஷ்கெக் பெண்களுக்கு, கட்டின காசு ஓட்டைப் பானையில் ஊற்றின தண்ணீராகப் போனது. உன் அம்மா இதைவிட நாலு கோழி வாங்கியிருக்கலாம் என்று தினமும் புலம்பினாள். ஆனால் உன் தங்கை பிடிவாதக்காரி, உட்கார்ந்து யோசித்தாள், இதுவரை நிஜமாக வாங்கினவர்கள் யார் என்று பார்த்தாள். பாதிப் பேர் உன்னை மாதிரி ருஷ்யாவில் கூலி வேலை பார்க்கிற பையன்கள், ஊரில் இருக்கிற அம்மாவின் பெயருக்குத் தோடு அனுப்பச் சொன்னவர்கள். "அப்பா, தோடு வாங்கறது காது இல்ல, தூரத்துல இருக்கற பையன்" என்று குதித்தாள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. பையன் அங்கே இருப்பான், பெண் இங்கே இருப்பாள், வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்று அவனுக்குத் தூக்கம் வராது, அம்மா போய்ப் பெண்ணின் காதில் தோடு போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் அந்தப் பெண் அந்த வீட்டுப் பெண், வேறு யாரும் அவள் வாசற்படியை மிதிக்கமாட்டார்கள். அந்தப் பயத்தைத்தான் உன் தங்கை விலைக்கு விற்கப் பார்த்தாள். "நீ தூரத்தில் இருக்கலாம், அம்மாவின் கை பக்கத்தில் இருக்கிறது" என்று எழுதி, அம்மா ஒருத்தி தோடு போடுகிற வீடியோ ஒன்று எடுத்து, ருஷ்யாவில் இருக்கிற நம் பையன்களுக்கு மட்டும் காட்டவேண்டும் என்று முடிவு செய்தாள். சுர்குத் ஊரும் அதில் இருந்தது, அண்ணன் அங்கே இருக்கிறானே, அவனும் பார்த்துச் சிரிக்கட்டும் என்று அவள்தான் சேர்த்தாள். இதை எழுதும்போது அவள் அழுகிறாள், நீ அவளை அதிகம் திட்டாதே.

பெண்ணாக நடிக்க ஜிபெக்கைக் கூப்பிட்டது இயல்பாக நடந்த காரியம். மருந்துக் கடை வேலை முடிந்து அவள் நம் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுத்தானே தன் வீட்டுக்குப் போவாள். கேட்டதும் சிரித்துக்கொண்டே, "இந்த வீட்டுக்கு வரப்போற காதுதானே மாமா, இப்பவே பழகிக்கட்டும்" என்றாள். நீதானே சொன்னாய், வசந்தத்தில் நான் வந்த பிறகுதான் தோடு போடவேண்டும், நான் இல்லாமல் போடக்கூடாது என்று, அதனால்தான் எல்லோரும் காத்திருந்தோம். இப்போது கேள், உன் அம்மா செய்ததை. மாமியாராக அவளே நடித்திருக்கலாம், பெட்டியில் நல்ல வெல்வெட் அங்கி இருக்கிறது, வெள்ளைத் தலைத்துணி இருக்கிறது. முடியவே முடியாது என்றுவிட்டாள். விளையாட்டுக்குத் தோடு போட்ட கை நிஜத்துக்கு ஆகாது, நான் என் மருமகளுக்கு ஒரே ஒரு தடவைதான் போடுவேன், அது என் மகன் பக்கத்தில் நிற்கும்போது என்றாள். நானும் அய்பேரியும் கேலி செய்தோம், அவள் அசையவில்லை. கடைசியில் எதிர்வீட்டுக்குப் போய் கென்ஜெகானைக் கூட்டிவந்தாள். அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது, ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்தவள், கையைக் கழுவிக்கொண்டு உன் அம்மாவின் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவளைத்தான் உனக்குத் தெரியுமே, மகன் திலெக்குக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, பால் வண்டி ஓட்டுகிறான், வாயைத் திறந்து ஒரு பெண்ணிடம் பேச வராது, எத்தனை வருஷமாக ஒரு மருமகளுக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தோட்டை எடுத்து ஜிபெக்கின் காதருகே கொண்டுபோனதும் அவள் கண்ணில் தண்ணீர் நிஜமாகவே வந்துவிட்டது, நடிப்பு என்று அவளுக்கே மறந்துவிட்டது. ஜிபெக் சிரித்தாள் பார், அந்தச் சிரிப்புத்தான் உன் வயிற்றில் நெருப்பு வைத்திருக்கும். மகனே, அது கென்ஜெகானைப் பார்த்துச் சிரித்தது இல்லை. கென்ஜெகானின் தோளுக்குப் பின்னால், ஃபோனுக்குப் பக்கத்தில் உன் அம்மா நின்றுகொண்டு, பார்க்கவும் மாட்டாமல் பார்க்காமல் இருக்கவும் மாட்டாமல் விரல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் அவள் சிரித்தாள், தட்டைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

அந்த விளம்பரம் ஓடினது மாதிரி எங்கள் கடையில் ஒன்றும் ஓடியதில்லை. மாஸ்கோவிலிருந்தும் யாகுத்ஸ்க்கிலிருந்தும் எங்கெங்கிருந்தோ பையன்கள் கேட்டார்கள், நான் வேன் ஸ்டாண்டுக்குப் பொட்டலம் பொட்டலமாகச் சுமந்தேன், முழங்கால் வலியே தெரியவில்லை. ஆனால் ருஷ்யாவில் மட்டும் காட்டச் சொன்னால் அது ருஷ்யாவிலேயே நிற்குமா. பார்த்தவன் ஊருக்கு அனுப்பினான், ஊரில் இருக்கிறவள் அத்தைக்கு அனுப்பினாள், அத்தை சும்மா இருப்பாளா. கடையின் பெயரையும் எழுத்தையும் யாரும் படிக்கவில்லை, நம் தெருக்காரி ஒருத்தி நம் தெருப் பெண் ஒருத்திக்குக் கண்ணீரோடு தோடு போடுகிறாள், அவ்வளவுதான் தெரிந்தது. வேன் டிரைவர் ஒருவன் என்னிடமே, "கென்ஜெகான் அக்கா வீட்டுல தோடு போட்டாச்சாமே, எங்களுக்கெல்லாம் மிட்டாய் எங்க?" என்று கேட்டான். நான் சிரித்துவிட்டு வந்தேன், அதுதான் என் புத்தி. அதற்கு இரண்டாம் நாளே ஜிபெக்கின் பெரியப்பா நரின் நகரத்திலிருந்து அவள் அப்பாவுக்கு ஃபோன் செய்து, "ரத்த சொந்தத்துக்குச் சொல்லாம பொண்ணு காதை நீட்டிட்டியே, அவ்வளவு அவசரமா?" என்று கத்தியிருக்கிறார். கென்ஜெகானை ரொட்டிக் கடையில் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். முதலில் இல்லை இல்லை, விளம்பரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், பிறகு சொல்வதும் குறைந்துபோனது. அவள் மேல் தப்புச் சொல்லமாட்டேன், கேட்கிறவர்கள் நம்பாதபோது ஒருத்தி எத்தனை தடவைதான் இல்லை என்பாள், அதுவும் ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறபோது.

பெரியப்பா கத்தின அன்றைக்கே உனக்கு அடித்தோம், ருஷ்யக்காரி வந்தாள். ஜிபெக்கும் அடித்திருக்கிறாள், எழுதியும் போட்டிருக்கிறாள், ஒன்றும் உன்னைச் சேரவில்லை. அய்பேரி பயந்துபோய் விளம்பரத்தை நிறுத்தினாள். நிறுத்தினதோடு விட்டிருக்கலாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்று நான் சொன்னேன், அவள் கேட்கவில்லை, விளம்பரத்தால் வந்ததை விளம்பரத்தாலேயே துடைக்கிறேன் என்று இன்னொரு வீடியோ எடுத்தாள். அதில் ஜிபெக் தோட்டைக் காதிலிருந்து கழற்றி, பெட்டிக்குள் வைத்து, இது கடை விளம்பரம்தான், எனக்கு யாரும் தோடு போடவில்லை, உங்களுக்கு வேண்டுமானால் வாங்கிப் போடுங்கள் என்று சிரித்துச் சொல்கிறாள். நன்றாகத்தான் சொன்னாள். இந்தத் தடவை நம் ஊர், நரின், பிஷ்கெக் எல்லா இடத்துக்கும் காசு கட்டி ஓட்டினாள், யாரும் விட்டுப்போகக் கூடாதென்று. ஆனால் குத்மான், ஜனங்கள் ஃபோனில் இதையெல்லாம் சத்தத்தை அணைத்து வைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்களாம். பேருந்தில், வேலையில், தூங்குகிற குழந்தை பக்கத்தில், யாரும் காதில் வாங்குவதில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, தோடு போட்ட பெண் தோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துத் திருப்பித் தருகிறாள். தோடு போட்டுக்கொண்டது பொய் என்று சொல்லப்போய், போட்டுக்கொண்ட தோட்டைத் திருப்பிக் கொடுத்தவள் என்று ஊரெல்லாம் காசு கட்டிச் சொல்லிவிட்டோம். நம் பக்கத்தில் அதைவிட ஒரு பெண்ணுக்கு வேறு கெட்ட பெயர் வேண்டுமா. மருந்துக் கடையில் மாத்திரை வாங்க வருகிறவர்கள் மாத்திரையைப் பார்க்காமல் அவள் காதையே பார்த்தார்களாம். அவள் அம்மா வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். அவள் அப்பா நம் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று, உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டும் வராமல், "எம் பொண்ணுக்கு நாங்க நல்ல பேரு வெச்சோம், நீங்க வேற பேரு வெச்சிட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உன் அம்மா அன்று மயங்கி விழுந்தாள், கவலைப்படாதே, இப்போது எழுந்து நடக்கிறாள்.

பிறகுதான் பகாஸ் வந்தான். அவன் நம் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று தெரிந்து ஜிபெக்கும் வந்தாள், தேநீர் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். நீங்கள் தங்கியிருந்த வேகன் வீட்டில் எல்லோர் ஃபோனிலும் அது வந்ததாம். ஒருவன் உன்னிடம் நீட்டி, "டேய், இது உன் ஃபோன்ல இருக்கற பொண்ணுதானேடா? உன் அம்மா கை இவ்ளோ குண்டா?" என்று கேலி பண்ணினானாம். நீ வாங்கிப் பார்த்தாயாம், முழுக்கப் பார்த்தாயாம், திருப்பிக் கொடுத்துவிட்டு உன் ஃபோனிலும் பார்த்தாயாம். முழுக்கப் பார்த்தவனுக்குத் திரும்பத் திரும்பக் காட்டுவதுதான் அதன் குணம் என்று அய்பேரி சொல்கிறாள், இவனுக்கு ஆசை இருக்கிறது, இன்னும் இரண்டு தடவை காட்டினால் வாங்கிவிடுவான் என்று அதுவாக நினைத்துக்கொள்ளுமாம். நீ எப்போது ஃபோனைத் திறந்தாலும் கென்ஜெகான் வந்து உன் பெண்ணுக்குத் தோடு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் நீ சிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு வடக்கே ஆள் கேட்டவர்களிடம் கை தூக்கிவிட்டாயாம். இவ்வளவையும் ஜிபெக் கேட்டாள். கேட்டுவிட்டு, "பகாஸ் அண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு அவர் சொல்லவே இல்லையா? கோவத்துலயாவது? திட்டறதுக்காவது?" என்றாள். பகாஸ் நல்ல பையன், பொய் சொல்ல வாய் எடுத்தான், முடியாமல் இல்லை என்று தலையை ஆட்டினான். அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

இப்போது எழுதவேண்டியதை எழுதுகிறேன், எவ்வளவு நேரம்தான் மாட்டையும் முழங்காலையும் எழுதிக்கொண்டிருப்பது. கென்ஜெகானின் வீட்டுக்காரர் ஒரு சாயங்காலம் என்னைத் தேடி வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "ஜுமதில் அண்ணே, அந்தப் பொண்ணு பேரு எங்க வீட்டாலயும்தான் கெட்டுது. எங்க திலெக்குக்கு நிஜமாவே கேட்டுடலாம்னு இருக்கோம். ஆனா உங்க பையன் பேச்சு ஒண்ணு இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, நாங்க அந்த வாசப்படி மிதிக்க மாட்டோம்" என்றார். நல்ல மனிதர், கேட்காமலே போயிருக்கலாம், கேட்டார். நான் என்ன சொல்வேன். இருக்கிறது என்று சொல்ல என் மகன் எங்கே, இல்லை என்று சொல்ல எனக்கு வாய் எங்கே. கொஞ்சம் பொறுங்கள், எப்படியாவது தகவல் வாங்கிவிடுகிறேன் என்றேன். பொறுத்தார்கள். பகாஸ் உங்கள் கம்பெனி அலுவலகத்துக்கு ஃபோன் செய்தான், வடக்கே போனவர்களுக்குச் செய்தி சொல்ல ரேடியோ உண்டு, ஆனால் சாவுச் செய்திக்கு மட்டும்தான் என்றார்களாம். உன் அம்மா, நான் செத்தேன் என்று சொல்லுங்கள், வந்துவிடுவான் என்றாள். சொல்லலாம் என்று எனக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது. அடுத்த நாள் ஜிபெக்கே வந்தாள், யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளோ, நின்றபடியே சொன்னாள், "மாமா, எனக்காக யாரையும் நிறுத்தி வெக்காதீங்க. ஊர் பேசுதுன்னு நான் பயந்து போகல. பேசினா பேசட்டும், அது மட்டும்னா நான் காத்திருப்பேன். ஆனா கேக்காமலே தீர்ப்பு சொல்லிட்டுப் போனவர் அவர். இன்னிக்கு வீடியோ, நாளைக்கு வேற என்னமோ. ஆயுசு முழுக்க அவர் கேக்காமலே போவார், நான் கதவைப் பாத்துட்டே நிப்பேன். என்னால முடியாது." அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. நான் உனக்காக வாதாடினேன், அவன் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், வலித்தால் வாயைத் திறக்கமாட்டான், காலில் ஆணி ஏறினபோது கூட மாலைவரை சொல்லவில்லை என்றேன். "தெரியும் மாமா, அதைத்தானே நானும் சொல்றேன்" என்றாள்.

போன வியாழக்கிழமை அவர்கள் போய்த் தோடு போட்டார்கள். இந்தத் தடவை ஃபோனும் இல்லை, தட்டும் இல்லை. எதிர்வீடு ஆகையால் உன் அம்மாவையும் கூப்பிட்டார்கள், போகாமல் இருந்தால் சாபம் விட்ட மாதிரி ஆகும் என்று போனாள், மிட்டாய் இறைக்கும்போது அவளும் ஒரு கை இறைத்தாளாம். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தவள் ராத்திரி சாப்பாட்டுக்கு எழவில்லை. கல்யாணம் இந்த மாதக் கடைசியில். உன் ஆறு அதற்குப் பிறகுதான் லாரி தாங்கும் அளவுக்கு உறையும் என்கிறான் பகாஸ். ஆகவே இந்தக் கடிதம் உன் கையில் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். வா, ஓடி வா என்று கூப்பிடுகிற கடிதம் இல்லை இது. அவள் உன்னை ஏமாற்றினாள் என்று நினைத்துக்கொண்டு நீ அந்தப் பனியில் இருக்கக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். அவள் ஏமாற்றவில்லை, நீ கேட்டிருந்தால் வசந்தத்தில் அவள் நம் வீட்டுக்கு வந்திருப்பாள். இதைச் சொல்லாமல் விட்டால் உனக்குச் சுலபமாக இருக்குமோ என்றும் யோசித்தேன், ஆனால் நீ என் மகன், உன்னைப் பொய்யோடு விட முடியவில்லை.

கடை இன்னும் நடக்கிறது, அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அய்பேரி அந்த இரண்டு வீடியோவையும் நீக்கிவிட்டாள், கடைப் பக்கத்தையே மூடிவிடலாம் என்றாள், ஆனால் காசு கட்டின பையன்களுக்கு அனுப்பவேண்டியது பாக்கி இருக்கிறது, அவர்கள் தோட்டுக்காகக் காத்திருக்கிறார்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள். நாங்கள் நீக்கிவிட்டோமே தவிர அது ஒழியவில்லை, எங்கேயோ யாரோ ஒருவன் முதல் வீடியோவைத் திருடி, தன் கடைப் பெயரை ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறானாம், கேட்டால் பதில் இல்லை. அதனால் நீ ஃபோன் எட்டுகிற இடத்துக்கு வரும்போது அது மறுபடி உன் கண்ணில் படலாம். பட்டால் கடந்து போ, முழுக்கப் பார்க்காதே, பார்த்தால் விடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். பகாஸிடம் அம்மா பின்னின கம்பளிக் காலுறையும், உலர்ந்த தயிர் உருண்டையும், குதிரைக்கறித் தொத்திறைச்சியும் கொடுத்திருக்கிறோம், எல்லாவற்றையும் ஒரே நாளில் பங்கு போட்டுக் கொடுத்துவிடாதே. குளிருக்கு என்று குடிக்க ஆரம்பிக்காதே, அங்கே ஆரம்பித்தவர்கள் இங்கே எப்படித் திரும்பி வந்தார்கள் என்று நீ பார்த்திருக்கிறாய். பகாஸ் மறுபடி ஃபோன் எட்டுகிற இடத்துக்குத் திரும்பும்போது எங்களுக்கு அடித்துச் சொல்ல ஒரே ஒரு வரியாவது அவனிடம் சொல்லி அனுப்பு, எனக்கு வேண்டாம், அம்மாவுக்கு. திலெக்கின் மேல் வன்மம் வைக்காதே, அவன் பால் வண்டியை நம் வாசலில் நிறுத்துவதைக் கூட இப்போது நிறுத்திவிட்டான், தெருமுனையிலேயே இறங்கி நடந்து போகிறான். நீ ஊருக்கு வருகிற நாளில் எதிர்வாசலில் அவள் பனி பெருக்கிக்கொண்டிருப்பாள், அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு வா, வராமல் மட்டும் இருந்துவிடாதே.

கல்யாணம் முடிந்த மறுநாள் புதுமருமகள் வெள்ளைத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு தெருவில் பெரியவர்கள் வீடு வீடாக வந்து குனிந்து வணங்கவேண்டும் அல்லவா, இந்தத் தெருவில் இப்போது மூத்தவன் நான்தான், முதலில் நம் வாசலுக்குத்தான் வருவாள். வாழ்த்துச் சொல்லவேண்டும். என் மருமகளுக்கென்று ஒரு வாழ்த்து வைத்திருந்தேன், பேருந்து ஓட்டின காலத்தில் கணவாய் ஏறும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன், உனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. குனிந்து நிற்கிற பெண்ணுக்கு வேறு ஏதாவது இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பலாமா என்று இந்த ஒரு வாரமாக யோசித்தேன். வேண்டாம். நுழைந்த வீடு நிறையட்டும், மடி நிறையட்டும், உன் சிரிப்பை யாரும் தப்பாகப் பார்க்காமல் இருக்கட்டும் என்று அதை முழுதாக அவளுக்கே சொல்லிவிடப் போகிறேன். உனக்கு வேறு ஒன்று யோசித்து வைக்கிறேன் மகனே, இப்போதைக்கு உயிரோடு இரு.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜுமதில்